நாற்பத்தோராவது கிராஷ்

"இது கிராஷ் ஆனா திரையில ஒரு பெட்டி வரும். அப்ப என்ன செஞ்சிட்டு இருந்தீங்கன்னு அதுல எழுதணும். ஒண்ணு விடாம எழுதணும்," என்று தாஹிர் சொன்னான்.

"ஒண்ணு விடாமயா? யார் யார் படிப்பாக?" என்று சாதியா கேட்டாள்.

"ஓப்பன் சோர்ஸ் இது. போலந்து, பிரேசில்னு யார் வேணும்னாலும் படிப்பாங்க."

"தாராவிக்காரங்க?"

"ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"அப்பம் சரி. இந்த எஃப் நைன் எதுக்கு?"

"அதை மட்டும் தொட்டுராதீங்க. பெட்டி ஒழுங்கா வருதான்னு பாக்க, நாங்களே வேணும்னு விழ வைக்கிற கீ அது."

ஆறு மாதத்துக்கு முந்தைய இந்தப் பேச்சைத்தான், தாராவியில் அப்துல் வாஹிதின் தோல்பைப் பட்டறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதி வழியில் நின்றபடி தாஹிர் நினைத்துக்கொண்டிருந்தான். மேலே ஏறவும் பயமாக இருந்தது. இறங்கவும் முடியாது, இன்று வியாழக்கிழமை.

செம்பூர் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் அவன் தொடங்கிய மென்பொருள் 'தடயம்'. வேறொரு மென்பொருள் திடீரென்று படுத்துக்கொண்டால், அது எங்கே தடுக்கி விழுந்தது என்று அதை எழுதியவர்களுக்குச் சேதி சொல்லும். சம்பளம் இல்லாமல் அதில் உழைக்க நாலைந்து நாடுகளில் பதினான்கு பேர் இருந்தார்கள். சோதித்துப் பார்க்க ஒரு நிஜப் பட்டறைதான் இல்லை. அதனால் வாஹித் மாமாவின் பட்டறையில் ஜிப்பும் பக்கிளும் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கும் மென்பொருளோடு அதைச் சேர்த்துவிட்டான்.

அந்த லேப்டாப் மாமாவின் மகள் சாதியாவின் பொறுப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். ஒன்று விடாமல் எழுதினாள்.

"கறுப்பு ஜிப் எண்ணிட்டு இருந்தேன். டீல சீனி பத்தலைன்னு வாப்பா கத்திட்டு இருந்தாக. நான் நீலத் துப்பட்டா போட்டிருந்தேன்."

நீலத் துப்பட்டாவுக்கும் கிராஷுக்கும் என்ன தொடர்பு என்று, கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பில் படித்த பிரேசில்காரர் இரண்டு நாள் ஆராய்ந்தார்.

தாஹிர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் போட்டான்: "தகவலுக்கு நன்றி. கவனித்து வருகிறோம்." அதற்கு மேல் ஒரு சொல் எழுத அவனுக்குக் கை வரவில்லை.

நேற்று சாயங்காலம் நாற்பத்தோராவது வந்தது.

"பக்கிள் எண்ணிட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை மேலப்பாளையத்துலேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வாராக. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரே பிடிக்காதாம்."

காலையில் பார்த்தால், போலந்துக்காரி அதன் தலையில் சிவப்பில் 'மிக அவசரம்' என்று குத்தியிருந்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் தாஹிரின் பெயர். கீழே பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான்.

மேலே எட்டு தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. கடைசி மெஷினில் இருந்து வாஹித் மாமா நிமிர்ந்தார். "வாங்க தம்பி! மறுபடி விழுந்துட்டாக்கும்? இப்படி விழுற சாமானை நான் பாத்ததே இல்ல!"

சாதியா லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

எஃப் நைன் மேல் சின்னதாய் ஒரு சிவப்புத் தோல் துண்டு ஒட்டியிருந்தது. நாலு ஓரமும் சீவி, மெருகேற்றி, பிரமாதமான வேலை.

"அவசரத்துல வேற கீயை அமுக்கிரக் கூடாதுல்லா," என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

தாஹிர் திடுக்கிட்டிருக்க வேண்டும். திடுக்கிடவில்லை.

உண்மையான கோளாறை அவன் முதல் மாதமே சரிசெய்துவிட்டான். தடயம் அவன் எழுதியது; எது தள்ளி விழுந்தது என்று ஒவ்வொரு சேதியின் முதல் வரியிலும் அது சொல்லிவிடும். அந்த எஃப் நைனை எடுத்துவிடச் சொல்லிப் போலந்துக்காரி மூன்று முறை திருத்தம் அனுப்பினாள். மூன்றையும் 'பிறகு பார்க்கலாம்' என்று ஓரமாக வைத்தவனும் அவன்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று சாதியா கேட்டாள்.

"நாலாவதுலேர்ந்தே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா நன்றி நன்றின்னு எழுதுனீங்க?"

அவன் விரல் சிவப்புத் தோலை அமுக்கியது. பெட்டி வந்தது. என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அவன் டைப் அடிக்கத் தொடங்கினான்.

சாதியா லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள். "எழுத வேணாம். வாயத் தொறந்து சொல்லுங்க. நல்லா சத்தமா. மெஷின் ஓடுதுல்லா."

தாஹிர் நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

மணி ஒன்று. லுஹர் தொழுகைக்குக் கிளம்புவதற்காக வாஹித் மாமா மெயின் சுவிட்சை அணைத்தார். எட்டு மெஷினும் ஒன்றாக நின்ற அந்த அமைதியில், முழுத் தொண்டையில் அவன் குரல் மட்டும் கேட்டது:

"உங்களை எனக்குக் கட்டித் தருவாங்களான்னு உங்க வாப்பாகிட்ட கேக்கட்டுமா?"