ருசி பார்க்க ஒரு நாக்கு

“யாரும் நாக்குல வச்சுப் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்! நோன்புன்னா நோன்புதான்!”

ஐஸ்கிரீம் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அதட்டினார் முத்து முகம்மது. மர வாளிக்குள் ஐஸ் கட்டிகள் கடகடவென்று உருண்டன. சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துரை ஒருவரின் ஏலத்தில் எடுத்த இயந்திரம் அது. பிரிக்பீல்ட்ஸில் வேறெந்த வீட்டிலும் கிடையாது என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

“நுனி நாக்குல வச்சுத் துப்பிட்டா தப்பில்லேம்பாங்களே?” என்றாள் அவர் மனைவி சுலைகா.

“அதெல்லாம் வேற எவன் வீட்டுலயாவது! நம்ம வீட்டுல அந்தப் பேச்சே ஆகாது.”

ருசி பார்க்காமல் எப்படி என்பதுதான் சுலைகாவின் கவலை. இன்று நோன்பு திறக்கக் கிள்ளானிலிருந்து நஜ்முதீன் வீட்டார் வருகிறார்கள். மகள் மைமூனைக் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சம்மதம், அவன் அத்தாவுக்கும் சம்மதம். அவன் உம்மாதான் பிடிகொடுக்கவில்லை. பொல்லாத நாக்குக்காரி! காஜாங்கில் ஒரு வீட்டில் கஞ்சிக்கு உப்புக் கூடிவிட்டதென்று அந்தப் பெண்ணையே வேண்டாம் என்றவளாம். வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்கிறோம் என்றதும்தான் மனசிறங்கி, வந்து பார்க்கிறேன் என்றாள்.

மைமூனுக்கோ நஜ்முதீன்மேல் கொள்ளை ஆசை. வாய்விட்டுச் சொல்லமாட்டாள், முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

முத்து முகம்மது சட்டென்று கைப்பிடியை விட்டார். “முடியலே புள்ள. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. கடைப்பக்கம் போயி கொஞ்சம் சாஞ்சுட்டு வரேன்.”

நெஞ்சைத் தடவிக்கொண்டே அவர் வெளியேறினார். பாவம் மனுஷன், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இந்தப் பாடு படுகிறாரே என்று சுலைகாவுக்கு மனசு இளகிப்போயிற்று.

அப்புறம் தாயும் மகளும் மாறி மாறிச் சுற்றினார்கள். கைப்பிடி நகரவே மாட்டேன் என்றபோது வாளிக்குள் பால் ஊற்றி வைத்திருந்த தகரக் குவளையின் மூடியைத் திறந்தார்கள். பாலும் சீனியும் ஏலமும் வெள்ளைவெளேரென்று உறைந்திருந்தன. மைமூன் துள்ளிக் குதித்தாள். குதித்த வேகத்திலேயே அலறினாள்.

“உம்மா! இங்க பாருங்க!”

ஐஸ் கட்டியோடு வந்த மரத்தூள் வாளியின் வடிதுளையை அடைத்துவிட்டிருந்தது. பால் உறைவதற்காக ஐஸில் கொட்டிய கல்லுப்பெல்லாம் கரைந்து, உப்புத் தண்ணீர் குவளையின் வாய்வரைக்கும் ஏறி நின்றது. ஐஸ்கிரீமின் ஓரமெல்லாம் ஒரே ஈரம்.

“உள்ள இறங்கியிருக்குமா உம்மா?”

“வாயில வச்சாத்தானே தெரியும்! உப்புக் கரிச்சா அந்தம்மா எந்திரிச்சு அடுத்த ரயிலுக்குப் போயிடும்டி!”

மைமூனின் கண் கலங்கிவிட்டது. சுலைகாவுக்கும்தான். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்வேலிக்கு அப்பால் துணி எடுக்க வந்தாள் ரயில்வே கார்டு பழனியப்பனின் மனைவி சீதாலெட்சுமி. சுலைகாவுக்குப் போன உயிர் வந்தது. ஓரத்தில் ஒரு கரண்டி, நடுவில் ஒரு கரண்டி, தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“சீதா! ரெண்டையும் ருசி பாத்து உப்பு இருக்கான்னு சொல்லு. எங்க யாரு வாயிலயும் படக் கூடாது. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“நானாக்கா?” சீதா கிண்ணங்களைப் பார்த்தாள், தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். “இருங்க, உள்ள கொண்டுபோயிட்டு வரேன்.”

சுலைகாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் எதிரில் ஒரு வாய் சாப்பிட இவளுக்கு என்ன வந்தது?

சீதா காலிக் கிண்ணங்களோடு திரும்பினாள். “ஓரத்துல எடுத்தது உப்புக் கரிக்குது. நடுவுல எடுத்தது அமிர்தம்! ஓரத்தை மட்டும் வழிச்சு எறிஞ்சிடுங்க, போதும்.”

வழித்தெறிந்தார்கள்.

நோன்பு திறந்தாயிற்று. கூடத்தில் முத்து முகம்மது பேரீச்சம்பழத்தை மென்றபடி, “அப்பாடா, இப்பத்தான் உசிரே வந்துச்சு சம்பந்தி!” என்றார். உள்ளே நஜ்முதீனின் உம்மா ஐஸ்கிரீமை ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். மைமூன் மூச்சுவிடவில்லை. அந்த அம்மாள் கிண்ணத்தைக் காலி செய்து மறுபடியும் நீட்டினாள்.

“பொண்ணை அனுப்பும்போது இந்த மிஷினையும் சேத்து அனுப்பிடு சுலைகா!”

சம்பந்தம் முடிந்த அடையாளமாக மைமூனின் வாயில் சீனி போட்டார்கள். சுலைகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிச்சமிருந்த ஐஸ்கிரீமை ஒரு பெரிய கிண்ணத்தில் நிரப்பிக்கொண்டு வேலிக்கு ஓடினாள்.

“சீதா, உன்னாலதான் கல்யாணமே முடிவாச்சு. இந்தா, வயிறாரச் சாப்பிடு!”

“ஐயோ, வேணாம்க்கா. கந்த சஷ்டி விரதம். நாளைக்குச் சூரசம்ஹாரம் முடியுற வரைக்கும் இளநியைத் தவிர எதுவும் வாயில படக் கூடாது.”

சுலைகா விழித்தாள். “அப்ப ருசி பாத்தது உன் வீட்டுக்காரரா?”

“அவரும் விரதந்தான்.”

“பின்ன யாருடி?”

சீதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சொல்லாதேன்னாரு… உங்க வீட்டுக்காரருதான்க்கா ரெண்டு கிண்ணத்தையும் வழிச்சுச் சாப்பிட்டாரு. நோன்பு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்க வீட்டுல உலை வைக்கிறதே அவரு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தானே!”