கலைந்த பாட்டில்கள்

"ஏட்டி ஜோஸ்லின்! பாட்டிலெல்லாம் கலைஞ்சு கெடக்கு பாரு. வந்து அடுக்கு!"

அருள்நாதன் கல்லாவில் உட்கார்ந்தபடியே மனைவிக்குக் குரல் கொடுத்தார். விஜயகுமாரி கடைக்கு வந்த கொஞ்ச நேரத்துக்குள் இது மூன்றாவது தடவை.

போர்ட் பிளேரிலிருந்து வந்த கப்பல் ஆட்களை இறக்கிவிட்டுப் போயாயிற்று. ஹேவ்லாக் தீவின் படகுத்துறை மறுபடி கண்ணயர்ந்துவிட்டது. கடலும் வானமும் ஒரே நீலமாய், எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. கடைத்தெருவே யாருடைய பகல் கனவுக்குள்ளோ இருப்பதுபோல் ஒரு மயக்கம். இந்த மனுஷரின் அதட்டல் மட்டும் இல்லாவிட்டால் விஜயகுமாரியும் தூங்கிப்போயிருப்பாள்.

ஆனால் அவள் தூங்க வரவில்லை. ஃப்ரிட்ஜைத் திரும்ப எடுத்துப்போக வந்திருக்கிறாள்.

அவள் வேலை பார்க்கும் ஜூஸ் கம்பெனி, தீவுக் கடைகளில் இருந்த பழைய ஃப்ரிட்ஜ்களை வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்திருந்தது. பழசில் இருந்த வாயு கசிந்தால் பூமிக்குச் சூடு ஏறும். புதுசில் அந்தத் தொல்லை இல்லை. கரண்டும் கம்மி. ஒரே நிபந்தனை, கதவைச் சும்மா சும்மா திறந்து வைக்கக் கூடாது. எந்தக் கடையில் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே தெரிந்துவிடும். இருப்பதிலேயே மோசம் அருள்நாதன் கடைதான்.

"அண்ணே, எத்தனை தடவை போன்ல சொன்னேன்? கதவு திறந்தே கிடந்தா நல்ல ஃப்ரிட்ஜ் கொடுத்து என்ன பிரயோஜனம்?"

"அரே மேடம், அடுக்கணும்லா? டூரிஸ்ட் வந்து பாத்தா லைனா இருக்க வேண்டாமா?"

"அதுக்காக நாள் பூரா அடுக்குவீங்களா?"

"கலையக் கலைய அடுக்கணும்" என்றவர், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளறையிலிருந்து ஜோஸ்லின் வந்தாள். ஐம்பதைத் தொடும் வயசு. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே புலம்பினாள்.

"இவருக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு மேடம். தூக்கத்துலகூட 'அடுக்கு, அடுக்கு'ன்னு சொல்லுவாரு போல. முன்னாடியெல்லாம் இப்படி இல்ல. இந்த ஒரு வருசமாத்தான்."

கதவைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். விஜயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளையை இப்படியா வேலை வாங்குவது? எழுந்து போய் நாலு பாட்டிலை நேராக வைக்க இந்த மகாராஜாவுக்குக் கால் வலிக்கிறதாமா?

"இனிமே சொல்ல ஒண்ணுமில்லண்ணே. ஃப்ரிட்ஜை எடுத்துக்கறேன். சாயங்காலக் கப்பல்ல ஏத்திடலாம். எங்களுக்குக் கொடுங்கன்னு எத்தனையோ கடைங்க காத்திருக்கு."

ஜோஸ்லினின் கை அப்படியே நின்றது.

"ஃப்ரிட்ஜ் போயிட்டா வியாபாரம்? வெந்நி மாதிரி ஜூஸை எவன் மேடம் வாங்குவான்?" புருஷனிடம் திரும்பினாள். "இனி கதவைத் தொறந்து வைக்க மாட்டோம்னு சொல்லுங்களேன். ஒரு வார்த்தை!"

"சொல்லுங்கண்ணே. விட்டுடறேன்" என்றாள் விஜயகுமாரி.

அருள்நாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"முடியாது மேடம்."

ஜோஸ்லின் ஃப்ரிட்ஜைப் படாரென்று சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படியும் ஒரு வீம்பா? விஜயகுமாரி ஆபீசுக்குப் போன் போடக் கடை ஓரமாக நகர்ந்தாள். தற்செயலாகத் திரும்பியபோது, அருள்நாதன் எழுந்து நின்று உள்ளறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓசைப்படாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, நேராக நின்ற பாட்டில்களை இரண்டு கையாலும் கலைத்துவிட்டார்.

"நீங்களேதான் கலைக்கறீங்களா?"

"மெதுவா மேடம், மெதுவா!" பதறிப்போய் அருகில் வந்தார். "பொம்பளையளுக்கு ஒரு வயசுல வருமே, அந்தச் சூடு. அவளுக்குத் திடீர் திடீர்னு ஒடம்பு தீயா எரியுது. மொகம் செவக்கிறதப் பாத்தே நான் கண்டுபிடிச்சிருவேன். ஃபேன் போட்டா காத்தும் கொதிக்குதும்பா. செத்த நேரம் குளிர்ல நில்லுட்டின்னா, 'எனக்கென்ன கேடு'ன்னு போயிருவா. வேலைன்னு சொன்னாத்தான் மேடம் நிப்பா."

விஜயகுமாரி பதில் சொல்வதற்குள் அவர் மறுபடி கல்லாவில் போய் உட்கார்ந்து கத்தினார்.

"ஏட்டி! மறுபடியும் கலைஞ்சு போச்சு. வா!"

ஜோஸ்லின் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கதவைத் திறந்ததும் குளிர் வெள்ளைப் புகையாய் இறங்கி அவள் நெற்றியையும் கழுத்தையும் மூடியது. கண்கள் தாமாகவே சொருகின. பாட்டிலைத் தேடிப் போன கை பாதி வழியில் நின்றுவிட்டது. முணுமுணுப்பும் அடங்கிவிட்டது. அந்த நிமிஷம் அவள் அந்தக் கடையிலேயே இல்லை.

விஜயகுமாரியின் செல் அடித்தது. ஆபீஸ்தான்.

"என்ன மேடம், ஃப்ரிட்ஜை எடுத்தாச்சா?"

"இல்ல சார். இங்கேயே இருக்கட்டும். கரண்ட் கொஞ்சம் கூடத்தான் ஆகும். அதுக்கு நான் பொறுப்பு."

போனைப் பைக்குள் போட்டாள். அவளுக்கும் ஜோஸ்லின் வயசுதான். நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பிக் கழுத்து, காது என்று ஏறும் அந்தச் சூடு அவளுக்கும் தெரியும். இதோ, இப்போதும் ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒருத்தர்கூட இதுவரை என்ன ஏது என்று கேட்டதில்லை.

கல்லா பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, கீழ்த்தட்டையும் கொஞ்சம் கலைச்சு விடுங்க. அதை நான் அடுக்கறேன்."