ரகசிய வாடிக்கையாளர்

"வாங்க வந்த ஆளை 'வாங்காதீங்க'ன்னு சொல்லி அனுப்பறதுக்கா உன்னை வேலைக்கு வெச்சிருக்கேன்?"

செருப்புக் கடைக்காரி போட்ட சத்தத்தில், தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எதிரே நின்றவள் அசரவில்லை. நாலு மாதமாக அந்தக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். வாய் ஓயாது என்பதால் அந்தத் தெருவுக்கே அவள் 'ரேடியோ'.

"எல்லார்கிட்டயுமா மேடம் அப்படிச் சொல்றேன்? காலையில ஒரு பெரியம்மா வீட்டுக்குள்ள போடற செருப்பு கேட்டு வந்தாங்க. அவங்ககிட்ட சொன்னேன்."

"அந்தப் பெரியம்மா யாரு தெரியுமா? என்னைப் பெத்த அம்மா!"

கடையின் பின்பக்கம் சரக்கு வைக்கும் அறையிலிருந்து அந்தப் பெரியம்மா மெல்ல வெளியே வந்தார். ரேடியோவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டு, ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கடைக்காரியைச் சொல்லியும் குற்றமில்லை. ஆறு வருடம் கடையை ஒழுங்காகத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். தொழிலின் அடிப்படையே உனக்குத் தெரியாது என்று யாரோ கிளப்பிவிட, போன மாதம் பத்து நாள் வியாபார வகுப்புக்குப் போய் வந்தாள். அன்றிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அட்டைப் பெட்டியைத் தூசி தட்டுவதற்குக்கூட ஒரு திட்டம் போட்டாள்.

தேங்கிக் கிடக்கும் சரக்கை முதலில் தள்ளு என்று வகுப்பில் சொன்னார்கள். எண்பது ஜோடி நீல ரப்பர் செருப்பு வாசல் தட்டுக்கு வந்தது. அது தீரும்வரை வீட்டுக்குள் போடும் வேறு செருப்பு எதுவும் கடைக்கு வாங்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

அடுத்து, முகம் தெரியாத ஒருவரை வாடிக்கையாளர் மாதிரி அனுப்பி ஊழியரைச் சோதித்துப் பார் என்றார்கள். முகம் தெரியாத ஆளுக்கு எங்கே போவது? வெளியூரில் அண்ணன் வீட்டில் இருந்த அம்மாவை வரவழைத்துவிட்டாள். வகுப்பெடுத்தவர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

"நாலு கடை தள்ளி இன்னொரு கடை இருக்கு, அங்கே போய் வாங்குங்கன்னு வழி வேற காட்டினியாமே?"

"ஆமா மேடம். அங்கே அடிப்பாகம் சொரசொரன்னு நல்ல செருப்பு இருக்கு. நம்மகிட்ட இருந்தா இங்கேயே கொடுத்திருப்பேன்."

"இந்த நீலத்துக்கு என்ன குறைச்சல்?"

"ஈரத் தரையில வழுக்குது மேடம். நானே ஒரு ஜோடி போட்டுப் பார்த்தேன். கையில பக்கெட்டோட போய் விழுந்தேன். அவங்க வேற காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாங்க. எனக்கு மனசு கேக்கலை."

"வழுக்குதாம்! விழுந்தேன்னு ஒருத்தராவது திரும்பி வந்து சொல்லியிருக்காங்களா?"

"விழுந்தவங்க எதுக்கு மேடம் நம்ம கடைக்குத் திரும்பி வரப்போறாங்க?"

கடைக்காரிக்குச் சுருக்கென்றது. பத்து நாள் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வரவேயில்லை.

"எனக்கே பாடம் எடுக்கறியா? அது நல்ல செருப்பு. ஒரு குறையும் கிடையாது. விக்கத் துப்பில்லாம கதை கட்டாதே. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

ரேடியோவின் முகம் வாடிவிட்டது. இதற்கு முன் வேலை பார்த்த கடையை மூடியபோது மூன்று மாதம் வேலை தேடி அலைந்தவள் அவள்.

ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"வேலை போனா எனக்குக் கஷ்டம்தான் மேடம். அதுக்காக, விழுவாங்கன்னு தெரிஞ்சே ஒருத்தங்க காலுல அதை மாட்டிவிட என்னால ஆகாது."

சொல்லிவிட்டுத் தன் பையை எடுக்க உள்ளே போனாள்.

ஸ்டூலில் இருந்த அம்மா எழுந்து வாசல் தட்டிலிருந்து ஒரு நீலச் செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு குறையும் இல்லைன்னுதானே சொன்னே?"

"ஆமாம்மா. அவளுக்குத்தான் வியாபாரம் பண்ணத் தெரியலை."

"அப்போ சரி. நானே ஒரு ஜோடி எடுத்துக்கறேன். உன் அண்ணன் வீட்டுல எப்பப் பார்த்தாலும் தரையைக் கழுவிவிட்டுட்டே இருக்காங்க. போட்டுக்கிட்டு நடக்க வசதியா இருக்கும்."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கீழே போட்டு, ஒரு காலை நுழைத்து, அடுத்த காலையும் நுழைக்கப் போனார்.

கடைக்காரி பாய்ந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, கழட்டு அதை! ஈரத்துல கால் வெச்சா சர்ருன்னு இழுத்துட்டுப் போயிடும். போன வருஷம்தானே இடுப்பை உடைச்சுக்கிட்டுப் படுத்த படுக்கையா கிடந்தே! வேற எத்தனையோ செருப்பு இருக்கு, உனக்கு எதுக்கும்மா இந்தச் சனியன்?"

பையோடு வெளியே வந்த ரேடியோ அப்படியே நின்றாள்.

அம்மா நிதானமாகச் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"காலையில அந்தப் பொண்ணும் இதையேதான்டி சொன்னா. நான் யாரோ எவரோன்னு நினைச்சுக்கிட்டு."