மக்கும் பை

பக்கத்து நாற்காலிக்காரர் கழுத்தில் தொங்கிய பெயரட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, சீதாதேவி விற்கும் மிளகாய்ச் சம்பல் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். சீதாதேவி தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? த்ரீ கிங்ஸ் ஹாலில் தமிழ்ச் சிறுவியாபாரிகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஷாரோன், பூமியைக் கெடுக்காமல் பொருளை விற்பது எப்படி என்று பெரிய கம்பெனிகளுக்கே சொல்லிக் கொடுப்பவள். வந்ததுமே சிரித்துக்கொண்டு ஒரு குண்டைப் போட்டிருந்தாள். "பொய் விளம்பரத்தப் பிடிக்கிற ஆபீசர் ஒருத்தர் உங்க நடுவுலயே உக்காந்திருக்காங்க. யாருன்னு கடைசியில சொல்றேன்."

அதன் பிறகுதான் பாடம். "பச்சை இலை படம் போட்டுட்டா பை மக்கிடாது. எங்க மக்கும், எத்தனை நாள்ல மக்கும், அதுக்குச் சான்றிதழ் எங்க? பதில் இல்லன்னா அந்த வார்த்தையையே எடுத்துடுங்க. இப்ப பக்கத்துல இருக்கவங்க பொருளை வாங்கிக் கேள்வி கேளுங்க, பார்ப்போம்."

சீதாதேவியின் பையில் இலை இருந்தது. 'மண்ணில் மக்கும்' என்ற எழுத்தும் இருந்தது. கேன்டீன் வேலையை விட்டுவிட்டு இந்தச் சம்பலை நம்பி இறங்கியவள். அடுத்த மாதம் ஒரு சூப்பர்மார்க்கெட் தன் அலமாரியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அதுவும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான்.

கிளென் ஈடன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்த பையைப் போன மாதம் தோண்டிப் பார்த்திருந்தாள். கழுவினால் மறுபடி சம்பல் அடைக்கலாம் போலிருந்தது.

"இதை எங்கை வாங்கினனீங்கள்?" அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆன்லைன்ல, சார்."

"எப்ப?"

"போன வருஷம், சார்."

"எல்லாத்தையும் இதே பையிலதான் வித்தனீங்களோ?"

"ஆமா, சார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம்; வெளியே நல்ல குளிர். ஹாலில் ஹீட்டர்கூட ஓடவில்லை.

"மக்குதோ எண்டு பாத்தனீங்களோ?"

கிள்ளான் சந்தையில் வளர்ந்த நாக்கு சீதாதேவிக்கு. யார் எந்த விலை சொன்னாலும் மறுவிலை சொல்லும். ஆனால் பயந்துபோன நாக்குக்குப் பேரம் ஏது? கொட்டிவிட்டாள்.

"மக்கல, சார். தோண்டிப் பாத்தா பளபளன்னு அப்படியே இருக்கு. என் தப்புதான். பை வித்த ஆளு நியாயமாத்தான் விலை சொன்னாரு. நான் வாட்ஸ்அப்லயே பாதிக்குப் பாதி அடிச்சுக் கேட்டேன். கட்டாதுன்னாரு. ஒரு வாரம் கழிச்சு அவரே, சரி, அந்த விலைக்கே தர்றேன்னாரு. ஜெயிச்சிட்டோம்னு வீட்டுல பாயசம் வச்சேன், சார்!"

"இதை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"வீட்டுக்காரருக்கே தெரியாதுலா! லேபிளையெல்லாம் இன்னிக்கே கிழிச்சிடுறேன். கேஸ் மட்டும் போட்டுடாதீங்க, சார்."

அவர் பையை இரண்டாக மடித்தார். மேலே தெரிந்த இலைப் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். சாட்சிக்கு எடுத்து வைக்கிறாரோ என்று சீதாதேவி இன்னும் மிரண்டாள்.

மேடையில் ஷாரோன் கைதட்டினாள். "சரி, நம்ம ஆபீசரைக் கூப்பிடலாமா?"

சீதாதேவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்து நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், முன்வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி எழுந்து மேடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் பையைச் சீதாதேவியின் கையில் திணித்துவிட்டுக் காதோரம் குனிந்தார்.

"தங்கச்சி, இதை ஆரிட்ட வாங்கினதெண்டு மட்டும் அவவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ!"