ஒற்றைக் கால் பரீட்சை

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கையும் காலும் சொன்னபடி கேட்கின்றனவா என்று பார்க்கும் அறை அது. கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மா, பக்கத்திலிருந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், ஏழு மாசம்கூட முடியல, அவசரப்பட்டுப் பொறந்துட்டான். அவங்கப்பா மோதிரம் இவனுக்கு வளையலா இருந்துச்சு. விழுந்துடப் போறான்!”

“பேசாம பாருங்கம்மா,” என்று சிரிப்பை அடக்கினார் நர்ஸ்.

உள்ளே மகன் ஒற்றைக் காலில் நின்றான். லேசாக ஆடினான். அம்மாவும் தன்னையறியாமல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தாள். நல்லவேளை, இருவருமே விழவில்லை.

அடுத்து நூலில் மணி கோத்தான். ஒரு மணி உருண்டோடியது.

“போச்சு!” என்றாள் அம்மா.

மகன் பாய்ந்து பிடித்துக் கோத்துவிட்டான்.

கடைசியாகத் தரையில் வரைந்த கட்டங்களில் நொண்டியடித்தான். ஒரு கோட்டைக்கூட மிதிக்கவில்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“நடக்கவே மாட்டான்னு சொன்னாங்க சிஸ்டர்!”

அப்போது அறை மூலையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிறுமி பொறுமையிழந்து எழுந்தாள்.

“டாக்டர் மாமா, நீங்க செஞ்சு காட்டினது போதும். இப்ப நான் செய்யட்டுமா?”

நர்ஸ் கதவைத் திறந்தார். “வேலைல சேர்ந்த முதல் நாளே அம்மாவோட வந்த டாக்டர் நீங்கதான் சார்!”

நர்ஸின் தோளுக்கு மேலாக அம்மா எட்டிப் பார்த்தாள்.

“நீ செய் தங்கம். டேய் டாக்டரு, முதல்ல ஷூ லேஸைக் கட்டுடா, தடுக்கி விழப்போற!”