சுவருக்கு அந்தப் பக்கம்

“அந்தம்மாவோட கால் அழுகிடுச்சு, நாளைக்குள்ள வெட்டி எடுத்தாகணும். மகள் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு அடம் பிடிக்கிறாங்க. ‘போடும்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

மேலாளர் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார். அந்த முதியோர் காப்பகத்தில் அவள் பராமரிப்பாளர். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. படித்த படிப்பு, செத்துப்போன ஒருத்தியின் குரலில் பேசத்தான் உதவியது.

அந்த அம்மாளின் மகள் விபத்தில் இறந்து பதினான்கு மாதமாகிறது. சொன்னால் இதயம் தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மகள் எப்போதோ அனுப்பிய மூன்று குரல்பதிவுகள் மேலாளரிடம் இருந்தன. மூன்றும் “நான்தான் பேசுறேன்” என்றே தொடங்கின. அவற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகி, வெளியூரிலிருக்கும் மகளைப் போல வாரம் ஒருமுறை ஆபீசிலிருந்து இவள் பேசிவந்தாள். போன வாரம் வீட்டில் தண்ணீர் கேட்டபோது தங்கை திரும்பிப் பார்த்து, “யாருடி நீ, வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் வாயைத் திறக்கவே பயம்.

“அது அவங்க கால் சார். ஏமாத்தி வாங்குறதுக்குப் பேரு சம்மதமா?”

“அப்ப உண்மையைச் சொல்லு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா, நீயே பதில் சொல்லிக்க.”

எண்ணை அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம், அந்த அம்மாளின் அறையில் மணி அடித்தது.

“நான்தான் பேசுறேம்மா.”

சொன்னது அந்த அறையின் தொலைபேசியிலிருந்து கிளம்பி, சுவர் வழியாக மெல்ல அவளிடமே திரும்பி வந்தது. கால் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“உன் காலா இருந்தா என்னடி பண்ணுவே?”

மேலாளர் எழுதிக்கொடுத்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. அவர் கையாட்டி அவசரப்படுத்தினார்.

“பயமாத்தான் இருக்கும். ஆனா சாக மாட்டேன். எடுங்கன்னுதான் சொல்லுவேன்.”

அந்தத் தொலைபேசியில் அவள் தன் சொந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

“சரி. கையெழுத்துப் போடுறேன், தாளைக் கொண்டு வா.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு மேலாளரைக் கேட்டாள். வெளியூர் மகளிடம் யாராவது தாளைக் கொண்டு வரச் சொல்வார்களா? வயசான தடுமாற்றம் என்று மேலாளர் சிரித்தார்.

குரல் அடையாளம் தெரியாமலிருக்க, எப்போதும்போல முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். பார்வை மங்கிய அந்த அம்மாள் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தாளை வாங்கிய பிறகும் இவளால் நகர முடியவில்லை.

“அந்தப் போன்ல பேசினது…” என்று ஆரம்பித்தாள்.

“நீதான். உன் காலா இருந்தான்னு நான் கேட்டதும் உன்னைத்தான். இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் நீ வாய் திறந்து ஒரு நிஜம் பேசினே.”

“எப்பலேருந்து தெரியும்?”

“முதல் நாள்லேருந்து. என் மக என் தங்கச்சிங்களோட வளர்ந்தவ. அவங்களப் பாத்துப் பாத்து, என்னை அக்கான்னேதான் கூப்பிடுவா. கடைசிவரைக்கும் மாத்திக்கல.”

அந்த அம்மாள் கையை நீட்டி, அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

“நீ ‘அம்மா’ன்னு கூப்பிட்ட அன்னைக்குத்தான்டி, அவ செத்த சேதி எனக்கு வந்துச்சு.”