மேல் எல்லைக்கு வெளியே

எத்தனை முறை கூட்டினாலும் அதே எண்தான் வந்தது.

பர்வீன் கால்குலேட்டரைத் தள்ளி வைத்தாள்.

பைக்கின் பிரேக்குக்குப் போகிற பின், ஒரு சின்ன இரும்புக் குச்சி. ஒவ்வொரு மணி நேரமும் ஐந்து எடுத்து விட்டம் அளக்க வேண்டும். ஐந்தின் சராசரி, சார்ட்டில் ஒரு புள்ளி. புள்ளிகளின் சராசரி நடுக்கோடு. ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் வீச்சு. வீச்சுகளின் சராசரியை 0.577ஆல் பெருக்கி நடுக்கோட்டோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. இதில் யாருடைய தயவும் தேவையில்லை.

இரண்டு புள்ளிகள் மேல் எல்லைக்கு வெளியே நின்றன.

நிற்கட்டுமே! உள்ளதைத்தானே சொல்கின்றன.

குவாலிட்டி மேனேஜர் தயாநிதி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். மத்தியானம் பைக் கம்பெனி கஸ்டமர்கள் பார்வையிட வருகிறார்கள். காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த ரெண்டையும் எடுத்துட்டு லிமிட்டைத் திருப்பிப் போடும்மா பர்வீன். காரணம், ஆபரேட்டர் தப்புன்னு எழுது. மாதேஸ்வரிதானே அந்த மிஷின்ல?"

டீயில் விழுந்த ஈயை எடுத்துப் போடச் சொல்வதுபோல் சொன்னார்.

புள்ளியை எடுக்கலாம். யார் வேண்டாமென்றது? ஆனால் காரணம் தெரிய வேண்டும். அதைச் சரிசெய்தும் இருக்க வேண்டும்.

காரணம் அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பின்னைச் சாணை பிடிக்கும் கிரைண்டிங் மிஷினில், சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்து கிடக்கிறது. சூடேறினால் அதிர ஆரம்பித்துவிடும். மாற்றச் சொல்லிச் சொல்லி பர்வீனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்கிறார் மனுஷர்.

போதாததற்கு, இரண்டாவது புள்ளி விழுந்த அன்று மாதேஸ்வரி வேலைக்கே வரவில்லை. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தர்மபுரிக்குப் போயிருந்தாள்.

மாதேஸ்வரி கான்ட்ராக்ட் ஆள். தப்பு என்று அவள் பேரை எழுதினால் நாளைக்கு கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"எழுத மாட்டேன் சார்."

"கஸ்டமர் கேட்ட டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு எல்லா பின்னும். ஒண்ணும் ஆகிடாது."

இன்றைக்கு உள்ளே இருக்கிறது. பேரிங் இன்னும் கொஞ்சம் தேய்ந்தால்? பிரேக் பிடிக்கப் போகிறவன் யாரோ ஒருவன்தானே, இவருக்கென்ன!

"உன்னைப் பெர்மனென்ட் பண்ற கன்ஃபர்மேஷன் என் டேபிள்லதான் இருக்கு, தெரியுமில்ல?"

"இருக்கட்டும் சார்."

சொன்ன பிறகுதான் வேலையே போகலாம் என்பது உறைத்தது. ஆனாலும் சொன்னதை அவள் திருப்பி வாங்கவில்லை.

அவர் விருட்டென்று போனார்.

கொஞ்ச நேரத்தில் மாதேஸ்வரி வந்தாள். கையெல்லாம் மிஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஈரம்.

"மேடம், என் பேரையே எழுதிடுங்க. ஒரு மாசம் வெளிய இருந்துட்டு வா, திரும்ப எடுத்துக்கறேன்னு சார் சொல்றாரு."

பர்வீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா, அதற்குள் இவளிடமும் போயாகிவிட்டதா?

"நீ லீவுல இருந்த நாளுக்கும் நீதான் காரணமா?"

மாதேஸ்வரி தரையைப் பார்த்தாள். செய்யாத தப்புக்கு இப்படி ஒடுங்கி நிற்கிறாளே என்று பர்வீனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பேனாவை எடுத்தாள். ஸ்பிண்டில் பேரிங் தேய்வு, இன்னும் மாற்றவில்லை என்று காரணத்துக்கான கட்டத்தில் எழுதினாள். சரிசெய்யாத காரணத்துக்குப் புள்ளியை எடுக்க வழியில்லை. இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. அதற்கும் கீழே தன் கையெழுத்து.

சார்ட்டைக் கொண்டுபோய் மிஷின் பக்கத்துப் போர்டில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினாள்.

அந்த மணிக்கான ஐந்து பின்கள் தட்டில் தயாராக இருந்தன. மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்தாள். மாதேஸ்வரி துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

சராசரி போட்டாள். புள்ளி வைத்தாள்.

வெளியே.

வெளியே போனால் மிஷினை நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விதிதான். கஸ்டமர் வருகிற நாளில் அந்த விதிக்கு லீவு.

ஷாப்பின் கோடியில் கண்ணாடிக் கதவு திறந்தது. வெள்ளை ஹெல்மெட் போட்ட நாலைந்து பேர். முன்னால் தயாநிதி, வாயெல்லாம் பல்லாக.

பர்வீன் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

சக்கரம் முனகிக்கொண்டே சுற்றி நின்றது. பக்கத்து மிஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை பேர் பார்க்க இப்படி ஒரு காரியம் செய்வோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை. செய்தது பிடித்திருந்தது.

தயாநிதி கஸ்டமர்களை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரு நிறுத்தினது?"

பர்வீன் வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாதேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"நாங்க, சார்."